பேஸ் கிற்றாருக்குப் புது பிரிட்ஜ்: கல்லடிக் காற்றுக்கு எது தாங்கும்?

கல்லடி_நாலுதந்தி

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது கல்லடியில். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேற்றுப் பிணைச்சல் எல்லாம் துருவேறுகிற இடத்தில் பேஸ் கிற்றார் மட்டும் தப்புமா? தப்பவில்லை.

கிற்றார் ஃபெண்டர் கம்பனியின் ஜாஸ் பேஸ் மாடலைப் பார்த்துச் செய்த சீனப் பிரதி, நாலு தந்தி (தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி). தலையில் இருந்த பெயர் எப்போதோ உரிந்து போய்விட்டது, அதனால் எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள். நெக் நல்லது, பிக்கப்பும் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) பரவாயில்லை, கைக்கும் பழகிவிட்டது. வேறு கிற்றார் வாங்கும் யோசனை இல்லை.

பிரிட்ஜ்தான் தொல்லை, அதாவது உடம்புப் பக்கம் தந்திகளைத் தாங்கிப் பிடிக்கிற உலோகத் துண்டு. தகட்டை மடித்துச் செய்த பழைய மாதிரி. குரோம் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரலால் தடவினால் சொரசொரக்கிறது. ஈ தந்தியின் சேடிலில் (தந்தி ஒவ்வொன்றும் ஏறி இருக்கிற குட்டித் துண்டு) உள்ள உயர ஸ்குரூ இரண்டும் இறுகிப்போய், அலன் கீயை விட்டுத் திருப்பினால் ஸ்குரூ அசையாமல் கீ மட்டும் சுற்றுகிறது. ஜி தந்தியைக் கொஞ்சம் பலமாக இழுத்தால் சேடில் பக்கவாட்டில் நகர்ந்து, தந்தி நெக்கின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. ஏ தந்தி வெறுமனே அடித்தால் சுருதி சரி, நெக்கின் குறுக்குக் கம்பிகளில், அதாவது பிரெட்டுகளில், 12ஆவது பிரெட்டில் பிடித்தால் ஏறிக் கேட்கிறது. சேடிலைப் பின்னுக்கு இழுத்தால் சரிவரும் என்று தெரியும். ஆனால் அந்த நீள ஸ்குரூவும் அசைய மாட்டேன் என்கிறது. கல்யாண வீட்டில் பைலா அடிக்கும்போது யாருக்கும் தெரியாது. மெல்லிசைப் பாட்டில் கீபோர்டோடு சேர்ந்து மேலே போகும்போது எனக்கே பல் கூசுகிறது.

எங்கள் குழுவில் கீபோர்ட் வாசிக்கிறவர் “பேடாஸ் போடு, சவுண்ட் மாறிவிடும்” என்கிறார். பேடாஸ் என்பது கனமான பிரிட்ஜ் ஒன்றின் பெயர். கொழும்பில் ஒரு கடைக்குப் போன் எடுத்தேன். “ஜாஸ் பேஸ் மாதிரி என்றால் எல்லாம் ஒரே அளவுதான், வந்து எடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். ஒன்லைனில் பார்த்தால் கோட்டோ 201, ஹிப்ஷொட் என்று பெயர்பெற்ற பிரிட்ஜ்கள், அதைவிடப் பெயரே இல்லாத மலிவுச் சாமான் நூறு கிடக்கிறது.

கனமானதைப் போட்டால் உண்மையிலேயே சவுண்ட் மாறுமா? எது கடற்காற்றுக்குத் தாங்கும்? வாங்கி வந்து பழைய துளையில் பொருந்தாவிட்டால் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். காசை ஒரு தரம்தான் செலவழிக்க முடியும்.

செங்கலடி_ஸ்லாப்

மச்சான், யோசிக்காதே. கனமானது போடு. பெரிய பேஸ்காரர் மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸில் இருப்பது பேடாஸ். ரஷ் குழுவின் பேஸ்காரர் கெடி லீயின் பெயரில் ஃபெண்டர் விற்ற ஜாஸ் பேஸிலும் பேடாஸ் 2. இவர்கள் எல்லாம் சும்மாவா போட்டார்கள்?

நான் என்னுடையதில் கனமான பிரிட்ஜ் போட்ட பிறகு நோட் நின்று பேசுகிறது. முன்னே அடித்தால் ‘டும்’ என்று விழுந்துவிடும், இப்போது ‘டூம்ம்ம்’. கையில் தூக்கிப் பார்த்தாலே அது எப்படிப்பட்ட சாமான் என்று விளங்கும். பழைய தகட்டைப் பக்கத்தில் வைத்தால் தகரப் பேணி மூடி மாதிரி.

ஒன்று மட்டும் கவனி. பேடாஸ் 2 சேடிலில் தந்திக்கான வெட்டு இருக்காது. நாமே அரத்தால் வெட்ட வேண்டும். வெட்டத் தெரியாத ஆளிடம் கொடுத்தால் எல்லாம் வீண்.

காரைதீவு_பட்டறை

தம்பி கல்லடி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பிரிட்ஜ் மாற்றத்தான் வேண்டும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் பிரிட்ஜ் மாற்ற வருகிற ஆட்களில் பாதிப் பேருக்கு அது தேவையில்லை. தந்தி பழசு, நெக் வளைந்திருக்கும், அல்லது அம்ப்பில் பேஸை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு சவுண்ட் மங்கல் என்பார்கள். உங்களுக்கு அப்படியில்லை. உயரம் மாற்ற முடியாது, நீளம் மாற்ற முடியாது, சேடில் நகர்கிறது. பிரிட்ஜ் செய்ய வேண்டிய மூன்று வேலையையும் உங்களுடையது செய்யவில்லை.

நான் பகலில் தோணி எஞ்சின் பழுது பார்க்கிறவன். பின்னேரத்தில் கிற்றார். இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான், உப்பு. அதனால் கனத்தைப் பற்றிய கதையை எனக்கு அவ்வளவு பெரிதாக எடுக்க முடிவதில்லை. செங்கலடித் தம்பி கோபிக்க வேண்டாம். உங்கள் காதுக்கு வித்தியாசம் கேட்டிருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிரிட்ஜ் மாற்றிய அதே நாளில் புதுத் தந்தியும் போட்டிருப்பீர்களே? எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பழைய தந்தியைக் கழற்றிப் புதுத் தந்தி போட்டால், பிரிட்ஜைத் தொடாமலே ‘டும்’ என்பது ‘டூம்ம்ம்’ ஆகும்.

ஃபெண்டர் 1951இல் முதல் பிரிசிஷன் பேஸை விற்றபோது அதில் இரண்டே இரண்டு சேடில். தந்தி இரண்டுக்கு ஒன்று. நாலு தந்திக்கு நாலு சேடில் வந்தது 1957இல். அதுவும் மடித்த தகடுதான். ஜேம்ஸ் ஜேமர்சன் மோட்டவுன் என்ற அமெரிக்க இசைக் கம்பனியின் பாட்டுகளுக்கு வாசித்த 1962 பிரிசிஷனிலும் அதே தகடு. மேலே மூடி, மூடிக்குள் பஞ்சு, தந்தியோ தட்டையாகச் சுற்றிய பழைய தந்தி, மாற்றுவதே அபூர்வம். நோட் நீண்டு நிற்கவே கூடாது என்று வைத்த ஏற்பாடு அது. இன்றைக்கும் பேஸ்காரர்கள் அந்த சவுண்டுக்குத்தான் ஏங்குகிறார்கள்.

அப்போ கனமான பிரிட்ஜில் பிரயோசனம் இல்லையா? இருக்கிறது, ஆனால் கனத்தால் இல்லை. கோட்டோ 201, ஹிப்ஷொட் கிக்காஸ் மாதிரியான பிரிட்ஜில் சேடில் தன் தடத்தை விட்டுப் பக்கவாட்டில் அசைய இடமில்லை. பழைய தகட்டில் சேடிலைப் பிடித்து வைத்திருப்பது தந்தியின் அழுத்தமும் பின்னால் இருக்கிற ஒற்றை ஸ்குரூவும் மட்டும்தான். நீங்கள் ஜி தந்தியை இழுக்கும்போது நகர்கிறது என்றீர்களே, அதற்கு மருந்து இதுதான். இதற்காக வாங்குங்கள். சவுண்ட் கொஞ்சம் நல்லாக வந்தால் அது கொசுறு.

இனி உப்புக்கு வருவோம். குரோம் பூச்சு தண்ணீர் புகாத போர்வை என்று நினைக்கிறார்கள். அதில் ஊசித் துளை இருக்கும், கை வேர்வை அதற்குள் போகும், உள்ளே இரும்பு என்றால் பூச்சுக்கு அடியிலேயே துரு ஊரும். உங்கள் கொப்புளம் அதுதான். உள்ளே பித்தளை என்றால் இப்படிச் சிவப்புத் துரு வராது. பச்சை படியும், துடைத்தால் போகும். அதனால் கடற்கரை ஆட்களுக்கு நான் சொல்வது, சேடில் கட்டாயம் பித்தளை. ஹிப்ஷொட் கிக்காஸ் அலுமினியத்திலும் வருகிறது, பித்தளையிலும் வருகிறது. முதுகு வலி உள்ளவர்களுக்கு அலுமினியம் நல்லது. ஆனால் அலுமினியமும் இரும்பு ஸ்குரூவும் உப்பு ஈரமும் ஓரிடத்தில் சேர்ந்தால் வெள்ளை மா மாதிரி பூத்து ஸ்குரூ இறுகும். எஞ்சினில் இதைத்தான் நான் தினமும் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

பிரிட்ஜில் முதலில் சாவது தகடும் இல்லை, சேடிலும் இல்லை. அந்தக் குட்டி ஸ்குரூ. தலை இல்லாத, அலன் கீ போடுகிற உயர ஸ்குரூ. எவ்வளவு விலை உயர்ந்த பிரிட்ஜ் வாங்கினாலும் அதை ஒரு தரம் கழற்றிப் பாருங்கள். கறுப்பு நிறத்தில் இருந்தால் அது வெறும் இரும்பு, கல்லடியில் இரண்டு மாரி தாங்காது. பிரிட்ஜ் வாங்கும்போதே அந்த ஸ்குரூவையும் ஸ்டெயின்லெஸில் ஓடர் பண்ணுங்கள். ஜப்பான், சீனச் சாமான் என்றால் பெரும்பாலும் எம்3 (3 மில்லிமீற்றர் மரை), அதற்கு 1.5 மில்லிமீற்றர் அலன் கீ. அமெரிக்கச் சாமான் சிலவற்றில் அங்குல அளவு வரும். அதற்கு அங்குலக் கீ தேவை. 1.5 கீயை அங்குல ஸ்குரூவில் போட்டு முறுக்கித்தான் பல பேர் வாயை உருட்டிவிடுகிறார்கள். ஸ்டெயின்லெஸில் ஏ2, ஏ4 என்று இரண்டு இருக்கும். கடலுக்கு ஏ4. கடையில் சந்தேகம் என்றால் காந்தத்தை வைத்துப் பாருங்கள், இரண்டுமே காந்தத்தோடு அவ்வளவாக ஒட்டாது. ஓடிப்போய் ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ் இல்லை, அல்லது நமக்கு வேண்டிய ஸ்டெயின்லெஸ் இல்லை.

தோணிச் சாமான் கடைகளில் ஸ்டெயின்லெஸ் போல்ட் கிடைக்கும். ஆனால் எம்3 அளவில், தலையில்லாததாகத் தேடினால் அலைய வேண்டி வரும். ஒன்லைன்தான் சுகம். 8, 10, 12 மில்லிமீற்றர் நீளங்களில் கலந்து எடுங்கள். நீளம் கூடினால் சேடிலுக்கு மேலே துருத்தி உள்ளங்கையைக் கீறும்.

“எல்லாம் ஒரே அளவு” என்று சொன்ன கடைக்கதையை விடுங்கள். ஃபெண்டரின் 5 துளை அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. கோட்டோ 201 அதற்குப் பொருந்தும், கிக்காஸும் பொருந்தும். ஆனால் உங்கள் கிற்றாரைச் செய்த சீனப் பட்டறை அந்த அளவைத்தான் பின்பற்றியது என்று யார் சொன்னது? இப்படிச் செய்யுங்கள். தந்தியைத் தளர்த்தி, பிரிட்ஜைக் கழற்றி, வெள்ளைக் கடதாசியை மரத்தின் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். துளைகள் கறுப்பு வட்டமாகத் தெரியும். நெக்கின் நடுக்கோட்டையும் அதில் குறியுங்கள். வாங்கப்போகிற பிரிட்ஜின் அளவுப்படம் இணையத்தில் கிடைக்கும். அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் ஈ தந்தியின் நடுவிலிருந்து ஜி தந்தியின் நடுவுக்கு சேடிலில் எவ்வளவு என்று அளங்கள். 57 வந்தால் தந்திக்குத் தந்தி 19 மில்லிமீற்றர், அதுதான் வழமை. ஜாஸ் பேஸ் பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு காந்தக் குமிழ் இருக்கும், தந்தி அந்த இரண்டுக்கும் நடுவால் போக வேண்டும். இடைவெளி மாறினால் ஒரு தந்தி பெலமாகவும் ஒரு தந்தி சோர்ந்தும் கேட்கும்.

கடைசியாக, இப்போது உங்கள் சேடில்கள் தகட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். அநேகமாகத் தரையோடு கிடந்தால் சொல்லுங்கள், அதற்கு வேறு கதை இருக்கிறது.

செங்கலடி_ஸ்லாப்

காரைதீவு அண்ணன், தந்தியும் சேர்த்துத்தான் மாற்றினேன், சரி. ஆனாலும் அந்தத் தந்தி பழசான பிறகும் நோட் நிற்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? ஜேமர்சனுக்கு நோட் நிற்கத் தேவையில்லை, ஸ்லாப் அடிக்கிறவனுக்கு, அதாவது கட்டைவிரலால் தந்தியைத் தட்டி வாசிக்கிறவனுக்குத் தேவை.

காரைதீவு_பட்டறை

நிற்கட்டும் தம்பி, சந்தோசம். கனமான பிரிட்ஜ் தந்தியின் அதிர்வைக் கொஞ்சம் குறைவாகவே மரத்துக்கு விடும், அதனால் நோட் கொஞ்சம் நீளலாம். அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். கல்யாண மண்டபத்தில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், மைக்கில் யாரோ “மணமகன் வீட்டார் உடனடியாக மேடைக்கு வரவும்” என்று கத்திக்கொண்டிருக்கும்போது அந்தக் ‘கொஞ்சம்’ எங்கே போகும் என்பதுதான் என் கேள்வி.

அம்பாறை_மூன்றாம்கட்டை

நான் அம்பாறை டவுன் பக்கம். எங்களுக்குக் கடல் தூரம், பிரிட்ஜில் இந்தத் துருப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. எங்களைப் போட்டு ஆட்டுவது கச்சான் காற்று. அது வீசுகிற மாதங்களில் நெக் ஒரு மாதிரி, மாரி தொடங்கினால் வேறு மாதிரி. அதனால் கல்லடிச் சகோதரர் புது பிரிட்ஜைப் போட்டதும் முதலில் நெக்கின் வளைவைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு சேடிலைத் தொடுவது நல்லது. முதல் பிரெட்டையும் கடைசி பிரெட்டையும் அழுத்திப் பிடித்து, நடுவில் 7ஆவது, 8ஆவது பிரெட் பக்கம் தந்திக்கும் பிரெட்டுக்கும் இடையில் 0.3 மில்லிமீற்றர் அளவு வெளி இருந்தால் போதும். அது சரியில்லாமல் சேடிலை மட்டும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் முடிவே இராது.

இன்னொன்று, பிரிட்ஜுக்குக் கீழே ஒரு வயர் வந்து நிற்கும், எர்த் வயர். பழைய பிரிட்ஜைக் கழற்றும்போது அது உள்ளே போய்விடாமல் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கறுப்புப் பூச்சு பூசிய பிரிட்ஜ் வாங்கிப் போட்டார். வயர் பூச்சின் மேல்தான் தொட்டுக்கொண்டிருந்தது, உலோகத்தில் படவில்லை. அம்ப்பைப் போட்டால் ‘ம்ம்ம்ம்’ என்ற இரைச்சல், தந்தியைத் தொட்டாலும் குறையவில்லை. அடிப்பக்கத்தில் வயர் படுகிற இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டிவிட்ட பிறகு சரி.

கல்லடி_நாலுதந்தி

எல்லோருக்கும் நன்றி. காரைதீவு அண்ணன் சொன்ன மாதிரியே கடதாசி வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். 5 துளைதான். ஆனால் கோட்டோ 201இன் படத்தை அதே அளவில் பிரின்ற் எடுத்து மேலே வைத்தால் இரண்டு துளை சரியாக விழுகிறது, மற்ற மூன்றும் அரைத்துளை தள்ளி நிற்கிறது. முழுக்க விலகியிருந்தாலும் பரவாயில்லை, இது பாதி ஏறி பாதி இறங்கி நிற்கிறது.

ஈ – ஜி 57 மில்லிமீற்றர், அதில் பிரச்சினை இல்லை. ஜி தந்தியின் சேடில் தகட்டோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, கீழே ஒரு கடதாசி கூடப் போகாது. டி தந்தியும் கிட்டத்தட்ட அப்படித்தான். அப்படியிருந்தும் 12ஆவது பிரெட்டில் ஜி தந்தி 2.5 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கிறது. இதுதான் அந்த ‘வேறு கதை’யா அண்ணன்?

எர்த் வயர் இருக்கிறது. நுனி பச்சை பிடித்துப் போய்க் கிடந்தது. ஒரு ஸ்குரூத் துளையில் மரம் பொடியாகக் கொட்டியது.

காரைதீவு_பட்டறை

அதேதான். நல்ல வேளை, வாங்க முதல் பார்த்தீர்கள். கோட்டோ, கிக்காஸ் எல்லாவற்றிலும் அடித்தட்டு உங்கள் தகட்டைவிடத் தடிப்பம். இப்போதே தரையோடு கிடக்கிற சேடிலுக்குக் கீழே இன்னும் தடிப்பமான தட்டை வைத்தால் தந்தி இன்னும் மேலே போகும், கீழே இறக்க இடமிருக்காது. கயிறு கட்டி இழுத்த மாதிரி வாசிக்க வேண்டியதுதான்.

இதற்கு நெக்கைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். நெக் உடம்போடு பொருந்துகிற பள்ளத்தில், பிக்கப்புக்குக் கிட்டவான ஓரத்தில், மெல்லிய மரச்சீவல் ஒன்றை வைத்துவிட்டு ஸ்குரூவை இறுக்குங்கள். நெக்கின் தலைப்பக்கம் கொஞ்சம் பின்னால் போகும், தந்தி பிரெட்டுக்குக் கிட்ட வரும், சேடிலை உயர்த்த இடம் கிடைக்கும். அரை மில்லிமீற்றர் சீவல் கூடப் பெரிய வித்தியாசம் காட்டும். ஆகவே மெல்லியதில் தொடங்குங்கள். கடதாசி மட்டை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் ஈரத்துக்கு அது நசிந்துவிடும். மரம்தான் நல்லது.

துளையைப் பற்றி. அரைத்துளை விலகியிருப்பதுதான் மோசமான வகை. பழைய துளைக்குள் ட்றில் வழுக்கிப் போய்விடும். அதனால் பழைய துளை அத்தனையையும் அடைத்துவிட்டுப் புதிதாகத் துளையிட வேண்டும், பொருந்துகிற அந்த இரண்டையும் சேர்த்துத்தான். பல்குத்தும் குச்சியும் மரப்பசையும் போதும் என்று இணையத்தில் சொல்வார்கள். இறுக்கம் குறைந்த ஒரு துளைக்கு அது போதும். உங்களுக்கு மரம் பொடியாகிறது என்றீர்கள், அதனால் முதிரைத் துண்டு ஒன்றைத் துளையின் அளவுக்கு உருட்டையாகச் சீவி, பசை தடவி, அடித்து இறக்குங்கள். இரவு முழுக்கக் காயட்டும். மறுநாள் மேலால் துருத்துவதை உளியால் மட்டமாகச் சீவுங்கள். முதிரை இந்தக் கிற்றாரின் மரத்தைவிட எத்தனையோ மடங்கு இறுக்கம், ஸ்குரூ அதில் பிடித்தால் விடாது.

பிரிட்ஜை எங்கே வைப்பது? நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் தங்குகிற வெட்டுள்ள துண்டு) 12ஆவது பிரெட்டுக்கு அளங்கள், 432 மில்லிமீற்றர் வர வேண்டும். அதன் இரட்டிப்பு 864, அதாவது 34 அங்குலம். ஜி சேடில் தன் ஓட்டத்தில் முன்பக்கம் நின்று, தந்தி படும் இடம் அந்த 864க்கு வரும்படி பிரிட்ஜை வையுங்கள். மற்ற மூன்று சேடிலும் அதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத்தான் போகும், ஈ தந்தி எல்லாவற்றையும்விடக் கூட. அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குறி போட வேண்டும்.

அகலப் பக்கம் சரிபார்க்கத் தந்தியையே பயன்படுத்துங்கள். பிரிட்ஜை டேப்பால் ஒட்டி, ஈ தந்தியையும் ஜி தந்தியையும் மட்டும் மாட்டி, நேராக நிற்கிற அளவுக்கு மட்டும் இழுத்து, நெக்கின் இரண்டு ஓரத்திலும் ஒரே அளவு வெளி தெரிகிறதா என்று கடைசி பிரெட் பக்கம் பாருங்கள். சரியென்றால் மட்டும் குறி. துளையிடும்போது ட்றில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்துக்கு அடையாளம் வையுங்கள், பின்பக்கத்தால் வெளியே வந்த கிற்றாரும் என்னிடம் வந்திருக்கிறது. பிட் ஸ்குரூவின் நடுத்தண்டு அளவில் இருக்க வேண்டும், மரை அளவில் இல்லை. ஸ்குரூவுக்குக் கொஞ்சம் மெழுகு தடவினால் சுகமாக இறங்கும்.

எர்த் வயரின் பச்சை நுனியை வெட்டிவிட்டு, புதுச் செப்புத் தெரியும்வரை உரித்து, விசிறி மாதிரி விரித்து பிரிட்ஜின் அடியில் வையுங்கள். மீற்றர் இருந்தால் பிரிட்ஜுக்கும் வயர் குத்துகிற ஜாக்கின் வெளி உலோகத்துக்கும் வைத்துப் பாருங்கள், சத்தம் வந்தால் சரி.

எது வாங்குவது என்று கேட்டால், உங்களுக்கு நான் கோட்டோ 201தான் சொல்வேன். கிக்காஸ் நல்ல சாமான், ஆனால் அங்குல ஸ்குரூவின் தலையிடி எதற்கு? பேடாஸ் வேண்டாம், வெட்டுப் போட ஆள் தேட வேண்டும். பெயரில்லாத மலிவுச் சாமானில் சில நல்லதும் வருகிறதுதான், ஆனால் பித்தளை என்று எழுதிவிட்டு உள்ளே துத்தநாகக் கலவை வைத்திருப்பார்கள். வாங்கி வெட்டிப் பார்க்காமல் தெரியாது.

புளியந்தீவு_கொயர்

நான் கோயில் கொயருக்கு பேஸ் வாசிக்கிற பெண். காரைதீவு அண்ணன் சொன்னதோடு இரண்டு விசயம். கல்லடித் தம்பி, துளைபோடும் வேலைக்கு வீட்டு ட்றிலைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள். எங்கள் பக்கத்துப் பறங்கி ஓடாவி ஒருவர்தான் என்னுடையதைச் செய்து தந்தார், நின்ற ட்றிலில் வைத்து. தாத்தா காலத்திலிருந்து வயலினும் கிற்றாரும் புழங்குகிற வீடு, கிற்றாரை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குச் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. மட்டக்களப்பில் அப்படிப்பட்ட கை இன்னும் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

மற்றது கிற்றார்ப் பை. கடற்கரை மேடையில் வாசித்துவிட்டு வேர்வையோடு அப்படியே பைக்குள் வைத்து ஸிப்பை மூடினால், இரவு முழுக்க பிரிட்ஜ் உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. காய்ந்த துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் ஃபேன் காற்றில் வைத்துவிட்டு மூடுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொதிகளை நான் பையில் போட்டு வைத்திருக்கிறேன். தையல் மெசின் எண்ணெயை ஒரு சொட்டு எடுத்துப் பஞ்சில் தொட்டு, ஸ்குரூக்களில் இடையிடையே தடவினால் போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும்.

கல்லடி_நாலுதந்தி

கோட்டோ 201 ஓடர் போட்டாயிற்று, எம்3 ஏ4 ஸ்குரூவும் சேர்த்து. அக்கா சொன்ன மாதிரி நின்ற ட்றில் உள்ள ஓடாவி ஒருவரை இங்கேயே பிடித்துவிட்டேன். “முதிரைத் துண்டு என்னிடமே கிடக்கு, நீ கிற்றாரை மட்டும் கொண்டு வா” என்றார்.

இதற்கிடையில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, பழைய பிரிட்ஜோடுதான் போக வேண்டும். அந்த இறுகின ஸ்குரூக்களை அதுவரைக்குமாவது அசைக்க வழி இருக்கிறதா? அப்புறம் புது பிரிட்ஜ் வந்ததும் இப்போதுள்ள தந்தியையே திரும்பப் போடலாமா? தந்தி வாங்கிக் கனகாலம் இல்லை.

காரைதீவு_பட்டறை

பிரிட்ஜைக் கிற்றாரிலிருந்து கழற்றி எடுத்துவிட்டுச் செய்யுங்கள், மரத்தில் வைத்துக்கொண்டு வேண்டாம். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊற விடுங்கள். பிறகு சோல்டரிங் அயனின் நுனியை ஸ்குரூவின் வாயில் வைத்துச் சூடாக்கி, ஆற விட்டு, மறுபடி சூடாக்குங்கள். ஆனால் மண்ணெண்ணெயைத் துடைத்துக் காய வைத்த பிறகு மட்டும் அயனை எடுங்கள், வெளியில் வைத்து. நீள ஸ்குரூ பெரும்பாலும் இதற்கு அசைந்துவிடும். வாய் உருண்டுபோன உயர ஸ்குரூவுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். அசையாவிட்டால் அதை விட்டுவிட்டு ஏ தந்தியின் நீளத்தை மட்டும் சரிசெய்யுங்கள். 12ஆவது பிரெட்டில் பிடித்தால் ஏறிக் கேட்கிறது என்றால் சேடில் பின்னுக்கு. ஒவ்வொரு தரமும் தந்தியை மறுபடி சுருதி சேர்த்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஜி சேடில் நகராமல் இருக்க, அந்த நிகழ்ச்சிக்கு மட்டும், உயர ஸ்குரூவின் கால் தகட்டில் படுகிற இடத்தில் ஒரு பொட்டு கியூட்டெக்ஸ் விட்டுக் காய விடுங்கள். பலமாக இழுக்காவிட்டால் இரவு முடியும்வரை நிற்கும்.

பழைய தந்தியைப் போடலாம், ஆனால் நான் போட மாட்டேன். சேடில் இடம் மாறும்போது, முன்பு வளைந்து நின்ற இடம் தந்தியின் பேசுகிற பக்கத்துக்கு வந்துவிட்டால் சுருதி ஒழுங்காக நிற்காது. புதிதாகப் போடுவதென்றால் இப்போது போட்டிருக்கிற அதே தடிப்பத்தில் எடுங்கள், பைக்கட்டில் 45இலிருந்து 105 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) என்றால் அதுவே. தடிப்பம் மாறினால் இழுவை மாறும், நெக்கும் மாறும், ஓடாவி சீவி வைத்த சீவலையும் மறுபடி பார்க்க வேண்டி வரும். ஸ்டெயின்லெஸ் தந்தி உப்புக்குத் தாங்கும்தான். ஆனால் பிரெட்டைத் தின்னும், உங்கள் நெக் நல்லது என்றீர்கள், அதனால் நிக்கல் போதும்.

பிரிட்ஜ் வந்ததும் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். உயர ஸ்குரூ என்ன நிறம் என்று பார்ப்போம்.